மொராக்கோ கடைத்தெரு: “மூணுல ஒரு பங்கு கேளு” என்ற கணக்கு சரியா?

கேட்டவர் | 19 ஜனவரி 2024, இரவு 9.40

மார்ச் 4 காசாபிளாங்கா இறங்கறோம், 14 ராத்திரி திரும்பறோம். நானும் அம்மாவும். ஃபெஸ்ல நாலு நாள், மராக்கெஷ்ல நாலு நாள். அம்மா சுத்த சைவம். வாங்க நினைக்கறது தோல் செருப்பு, ஒரு கம்பளம், ஆர்கான் எண்ணெய் (அங்க வளர்ற ஒரு மரத்தோட கொட்டையில ஆட்டறது), குங்குமப்பூ. எங்க படிச்சாலும் “கடைக்காரர் சொல்ற விலையில மூணுல ஒரு பங்கு கேளு”ன்னுதான் இருக்கு. அது போதுமா?

அட்லஸ் | 20 ஜனவரி, காலை 7.15

போதாது. அந்தக் கணக்கை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் விலையைச் சொல்வது கடைக்காரர். 150 திர்ஹம் பெறும் செருப்புக்கு ஒரு கடையில் 250 சொல்வார்கள், நாலு கடை தள்ளி அதே செருப்புக்கு 800 சொல்வார்கள். முதல் கடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். இரண்டாவது கடையில் 270 கொடுத்துவிட்டு லாபம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வருவீர்கள்.

விலை பேசுவதற்கு முன்னால் பொருளைப் பார்க்கத் தெரிய வேண்டும். அது தெரிந்தவரிடம் கடைக்காரர் முதலில் சொல்லும் விலையே வேறாக இருக்கும். செருப்பைக் கையில் எடுத்ததும் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்ப்பவரையும், நிறத்தை மட்டும் பார்த்து “எவ்வளவு?” என்பவரையும் அவர்கள் ஒரே நொடியில் பிரித்துவிடுவார்கள்.

அடுத்தது, ஓர் அடிப்படை விலை கையில் இருக்க வேண்டும். பெரிய நகரங்களில் “ஆன்சாம்ப்ள் ஆர்டிசனால்” என்று அரசு கைவினைக் கூடம் இருக்கிறது. மராக்கெஷில் முகம்மது 5 சாலையில், ஜமா எல்ஃப்னா சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரம். விலை நிலையானது, யாரும் பின்னாலேயே வரமாட்டார்கள். செருப்பு, பை, விளக்கு, தட்டு எல்லாவற்றின் விலையையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். சந்தையில் நன்றாகப் பேசினால் அதைவிடக் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் கேட்டால் நகர்ந்துவிடலாம்.

அட்லஸ் | 20 ஜனவரி, காலை 7.50

பணம் பற்றி எழுத விட்டுப்போயிற்று. திர்ஹம் மூடிய நாணயம். 2,000 திர்ஹத்துக்கு மேல் நாட்டுக்குள் கொண்டுவரவோ வெளியே கொண்டுபோகவோ கூடாது. இந்திய ரூபாயை அங்கே மாற்ற முடியாது, யூரோவாகக் கொண்டுபோங்கள். ஏடிஎம் பலவற்றில் ஒரு தடவைக்கு 2,000 திர்ஹம்தான் வரும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம். மாற்றிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மீதியைத் திருப்பி மாற்றும்போது கேட்பார்கள்.

200 நோட்டை வைத்துக்கொண்டு சந்தைக்குள் போகாதீர்கள், சில்லறை இல்லை என்பார்கள். 110 என்று பேசி முடித்த பொருள் சில்லறைக்காகவே 150 ஆகும். 10 திர்ஹம் நாணயமும் 20 நோட்டும் நிறையச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்கும்போது எண்ணோடு “திர்ஹம்” என்ற சொல்லும் வந்ததா என்று பாருங்கள். வெறுமனே “இருபது” என்று சொல்லிவிட்டுக் கட்டி முடித்தபின் “இருபது யூரோ” என்பது பழைய தந்திரம். காய்கறிச் சந்தையில் இதற்கு நேர்மாறு. பெரியவர்கள் இன்னும் ரியால் என்ற பழைய கணக்கில் எண்ணுவார்கள். 20 ரியால் ஒரு திர்ஹம், “மியாத் ரியால்” என்றால் 100 ரியால், அதாவது 5 திர்ஹம்தான். பதற வேண்டாம்.

கேட்டவர் | 20 ஜனவரி, இரவு 8.05

பேரம் எப்படி ஆரம்பிக்கறது? எனக்குக் கூச்சம். அம்மா ரங்கநாதன் தெருவில நல்லாப் பேசுவாங்க, ஆனா மொழி தெரியாதே.

அட்லஸ் | 21 ஜனவரி, காலை 6.30

அம்மாவையே பேசவிடுங்கள், எண்களுக்கு மொழி வேண்டாம், கால்குலேட்டரில் காட்டினாலே போதும்.

சலாம் சொல்லிவிட்டு உள்ளே போவது முக்கியம். பிடித்த பொருளை முதலில் தொடாமல், வேறு இரண்டைப் பார்த்துவிட்டு அதற்கு வாருங்கள். “ப்ஷால்?” என்றால் எவ்வளவு. வளைகுடாவில் இருந்தவர்கள் “கம்” என்று கேட்பார்கள், அதுவும் புரியும், ஆனால் ப்ஷால் என்றால் முகம் மலரும். விலை வந்ததும் உடனே எதுவும் சொல்லாதீர்கள், பொருளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பல நேரம் இரண்டாவது விலையை அவரே சொல்லிவிடுவார். “காலி பெஸ்ஸாஃப்” என்றால் ரொம்ப விலை. “லா ஷுக்ரன்” என்றால் வேண்டாம், நன்றி. “ஸாஃபி” என்றால் போதும், முடிந்தது. எண்களில் ஒன்று மட்டும் உதைக்கும்: இரண்டுக்கு அங்கே “ஜூஜ்”, குர்ஆன் அரபியில் படித்த இத்னைன் அல்ல.

நீங்கள் வாயால் சொல்லும் எண் வாக்கு மாதிரி. 120 என்றீர்கள், அவர் சரி என்றுவிட்டார் என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும். அதன்பின் பின்வாங்குவது அங்கே மிகப் பெரிய மரியாதைக் குறைவு. வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு “சும்மா எவ்வளவுக்குத் தருவீங்க” என்ற விளையாட்டே வேண்டாம். தேநீர் கொடுத்தால் குடிக்கலாம், குடித்ததால் வாங்க வேண்டும் என்று எந்தக் கடனும் இல்லை.

காலையில் முதல் வியாபாரம் நம்மூர்ப் போணி மாதிரிதான், அதைத் தட்டிவிட மனம் வராது. பத்து மணிக்குள் போனால் விலை சீக்கிரம் இறங்கும், கூட்டமும் இருக்காது.

தறி | 21 ஜனவரி, மதியம் 1.20

கம்பளத்துக்கு நான் எழுதுகிறேன். நெசவு தெரியும்.

எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். இல்லையென்றால் முப்பது கம்பளம் விரித்துக் காட்டி முடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். பெனி ஊரைன்: மத்திய அட்லஸ் மலைப்பகுதி, சாயமிடாத தந்த நிறக் கம்பளி, மேலே கறுப்பு அல்லது பழுப்புக் கோடுகள், அடர்ந்த முடி. அஸிலால்: அதே மாதிரி முடி, ஆனால் பல வண்ணம். பூஜாத்: சிவப்பு, இளஞ்சிவப்பு. ஹன்பல்: முடி இல்லாத தட்டை நெசவு, நம் ஜமுக்காளம் மாதிரி. பூஷெருயித்: பழந்துணிக் கிழிசலில் நெய்தது.

கம்பளத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். முன்பக்கம் எதுவும் சொல்லாது, எல்லாம் பின்பக்கம்தான். கைமுடிச்சு என்றால் வரிசை லேசாக ஏறி இறங்கும், முடிச்சுகள் ஒரே அளவாக இருக்காது. அச்சடித்த மாதிரி ஒழுங்காக இருந்தால் இயந்திரம். பிறகு ஓரக் குஞ்சத்தைப் பாருங்கள். கைநெசவில் குஞ்சம் என்பது பாவு நூலின், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலின் முனைதான், கம்பளத்துக்குள்ளிருந்து அப்படியே நீண்டு வரும். தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பாவு வெள்ளையாக, மழமழப்பாக இருந்தால் பருத்தி நூல். புதுக் கம்பளங்களில் அது சகஜம், குற்றமில்லை. ஆனால் “எண்பது வருஷப் பழசு” என்று சொல்லிக்கொண்டு பருத்திப் பாவைக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

பழசு என்பதைச் சோதிக்க முடியை விரலால் பிரித்து வேரைப் பாருங்கள். வெயிலில் தானாக வெளுத்தது என்றால் நுனி வெளிறி, வேரை நோக்கிப் போகப் போக நிறம் மெதுவாகக் கூடும். குளோரினில் வெளுத்ததில் கம்பளி சொரசொரவென்று உயிரில்லாமல் இருக்கும், மூக்கை வைத்தால் ப்ளீச்சிங் வாடை தெரியும். ஈர வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பையும் கறுப்பையும் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் வீட்டில் முதல் துவைப்பில் வெள்ளைப் பகுதி முழுக்கப் பரவிவிடும்.

கடைக்காரர் லைட்டரைக் கொளுத்தி முடிமேல் ஓட்டிக் காட்டுவார். எரியாமல் கருகி, முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் கம்பளி. அதற்குமேல் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. கைவேலையா, பழசா, சாயம் நிற்குமா என்பதற்கெல்லாம் அது பதில் சொல்லாது.

தறி | 21 ஜனவரி, மதியம் 1.45

“கள்ளிப் பட்டு”, “சப்ரா” என்று தலையணை உறை, போர்வை விற்பார்கள். கத்தாழை நாரில் நூற்றது என்ற கதையோடு. சந்தையில் மலைபோல் குவித்து விற்பதில் மிகப் பெரும்பாலானது ரேயான். ஒரு நூலை எரித்தால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிக் கெட்டி மணியாகும். அழகாக இருந்தால் ரேயான் விலைக்கு வாங்கலாம், பட்டு விலைக்கு வேண்டாம்.

கேட்டவர் | 22 ஜனவரி, இரவு 10.10

செருப்புக்கும் இப்படிச் சோதனை இருக்கா?

அட்லஸ் | 23 ஜனவரி, காலை 7.00

இருக்கிறது. தோலுக்கு ஃபெஸ்தான். அந்தச் செருப்புக்கு அங்கே பெல்கா என்று பெயர், பிரெஞ்சில் பாபூஷ்.

ஒன்றைக் கையில் எடுங்கள். மூக்கும் குதிகாலும் தொடுகிற மாதிரி வளையுங்கள். நல்ல பெல்கா சத்தமில்லாமல் வளைந்து, விட்டதும் நேராகும். சரசரவென்று சத்தம் வந்தாலோ மடிப்பு அப்படியே நின்றாலோ உள்ளே அட்டை வைத்திருக்கிறார்கள். ஒரு மழை போதும், கூழாகிவிடும். அடிப்பாகத்தின் வெட்டு விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் நார் தெரியும், நகத்தால் கீறினால் நார்தான் பிரியும். அட்டை என்றால் அடுக்கடுக்காக உரியும். அடியில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். தோல் கறுத்து உறிஞ்சும், பிளாஸ்டிக்கில் துளி உருண்டு நிற்கும். மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடத்தில் தையல் இருக்க வேண்டும். பளபளப்பான கோடு மட்டும் ஓடினால் பசை.

உள்பக்கத்தை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் பாதத்தில் ஒட்டுவது இப்படித்தான் முன்கூட்டியே தெரியும். போட்டுப் பார்க்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருக்கட்டும், ஆட்டுத்தோல் சில நாளில் இளகும். இப்போதே சரியாக இருக்கிறது என்றால் பிறகு காலை விட்டு நழுவும்.

கடைசியாக வாசனை. சுவாரா தோல் பதனிடும் இடத்தில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து முடியை எடுப்பார்கள், பிறகு புறா எச்சத் தொட்டியில் போட்டு இளக்குவார்கள். எச்சத்தில் உள்ள அம்மோனியாதான் தோலை மெத்தென்று ஆக்குகிறது. சரியாக அலசாத தோலில் அந்த நாற்றம் தங்கிவிடும். ஃபெஸின் காய்ந்த காற்றில் லேசாகத்தான் தெரியும், சென்னை ஈரத்தில் அலமாரியே நாறும். பைக்குள் முகத்தை விட்டு மோந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம், அங்கே எல்லாரும் செய்வதுதான்.

சுவாராவை மேலிருந்து பார்க்க தோல் கடைகளின் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினா தருவார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, 10 அல்லது 20 திர்ஹம் கொடுத்தால் போதும். இறங்கும் வழி கடைக்குள்ளேதான் போகும், அங்கே விலை அதிகம். பார்த்துவிட்டு வெளியே வந்து, இரண்டு தெரு தள்ளி வாங்குங்கள்.

அட்லஸ் | 23 ஜனவரி, இரவு 9.30

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். “தோலுக்கு ஃபெஸ்தான்” என்றேன். செருப்பு, பை, மெத்தாசன உறை ஆகியவற்றுக்கு அது சரி. செப்பு, பித்தளைப் பாத்திரத்துக்கும் ஃபெஸ்தான், ஸஃபாரீன் சதுக்கத்தில் அடித்துக்கொண்டிருப்பவரிடமே வாங்கலாம். நீல வெள்ளைப் பீங்கானும் அங்கேதான். ஆனால் தொங்கும் விளக்கு, கம்பளம் இரண்டுக்கும் மராக்கெஷில் தேர்வு அதிகம். மெத்தாசன உறையைப் பஞ்சு இல்லாமல் தட்டையாக வாங்கி, ஊரில் பழைய புடவை போட்டு நிரப்புங்கள்.

கேட்டவர் | 25 ஜனவரி, மாலை 6.00

எங்க பயணத்துல வெள்ளிக்கிழமை ஒண்ணு வருது, மார்ச் 8. அன்னிக்கு ஃபெஸ்ல இருப்போம். கடை இருக்குமா? ரம்ஜான் எப்போ தொடங்குது?

அட்லஸ் | 25 ஜனவரி, இரவு 8.45

நல்ல வேளை கேட்டீர்கள். வெள்ளி மதியம் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் வீட்டில் கூஸ்கூஸ் (ஆவியில் வேகவைத்த ரவை மாதிரி) சாப்பிடப் போய்விடுவார்கள். ஃபெஸ் பழைய நகரில் முக்கால்வாசிக் கடை திறக்காது. மராக்கெஷில் இவ்வளவு இல்லை. அன்றைக்கு மெக்னெஸும் வலூபிலிஸ் ரோமானிய இடிபாடும் பார்த்துவிட்டு வாருங்கள். மெக்னெஸ் ஃபெஸிலிருந்து 60 கிலோமீட்டர்தான், ரயில் உண்டு.

நோன்பு மார்ச் 11 அல்லது 12, பிறை பார்த்துத்தான் சொல்வார்கள். உங்கள் மராக்கெஷ் நாட்களின் கடைசிப் பகுதி நோன்புக்குள் வரும். பகலில் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், பயணிகள் வரும் இடங்களில் கிடைக்கும். தெருவில் நடந்துகொண்டே தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பது மரியாதை. சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து டாக்ஸி கிடைக்காது, கடை அடைப்பார்கள். ஆகவே பெரிய கொள்முதலை மார்ச் 10க்குள் முடியுங்கள்.

இன்னொன்று, நாடு வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடுகிறது. ரம்ஜானுக்கு மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். இந்த வருடம் மார்ச் 10 ஞாயிறு அதிகாலை. ரயில், விமான நேரம் பார்க்கும்போது கைபேசி தானாக மாறிவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அட்லஸ் | 26 ஜனவரி, காலை 7.20

வழி தொலைவது பற்றி. ஃபெஸில் பாப் பூஜ்லூத் வாசலிலிருந்து இரண்டு பெரிய தெருக்கள் இறங்குகின்றன, தலா கெபீரா, தலா ஸ்கீரா. “தலா” என்றாலே ஏற்றம். தொலைந்துவிட்டால் இந்தத் தெருக்களில் ஒன்றைப் பிடித்து மேடு ஏறிக்கொண்டே போங்கள், வாசல் வந்துவிடும். சந்துகளில் கைபேசி வரைபடம் தடுமாறும். “பலாக்! பலாக்!” என்று சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டுங்கள், பின்னால் சுமை ஏற்றிய கழுதை வருகிறது. அம்மாவுக்கு வழுக்காத செருப்பு வேண்டும், கல் பாதை, எப்போதும் ஈரம்.

“அந்த வழி மூடியிருக்கு”, “இன்னைக்கு மட்டும் பெர்பர் (மலைவாழ் மக்கள்) சந்தை, நாளைக்கு இல்லை” என்று யார் சொன்னாலும் நிற்காமல் “லா ஷுக்ரன்” சொல்லி நடங்கள். தெரு மூடியிருக்காது. வழிகாட்டி வேண்டுமென்றால் அரசு அட்டை மாட்டியவரை விடுதி மூலம் அமர்த்துங்கள். “கடைக்குக் கூட்டிப்போக வேண்டாம்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடையில் அவருக்குத் தரகு உண்டு, அது உங்கள் விலையில்தான் ஏறும்.

ஜமா எல்ஃப்னாவில் பாம்பு, குரங்கு வைத்திருப்பவர்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். மருதாணி போடுகிறவர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போட ஆரம்பித்துவிடுவார்கள். கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம். நல்ல மருதாணி ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது, அதில் முடிச்சாயம் கலந்திருக்கும், கொப்புளம் வரும்.

கேட்டவர் | 27 ஜனவரி, இரவு 9.15

அம்மா சாப்பாடு?

அட்லஸ் | 28 ஜனவரி, காலை 6.50

“சைவம்” என்று சொன்னால் கறித்துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். ஏழு காய் கூஸ்கூஸின் குழம்புகூட பெரும்பாலும் கறி வெந்த சாறுதான். “ப்லா ல்ஹம், ப்லா ஜாஜ், ப்லா ஹூத்” என்று கறி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு விடுதியில் காலையிலேயே சொல்லிவைத்தால் காய் தாஜினை, அதாவது மூடிய மண்சட்டியில் வேகும் குழம்பை, தனிச் சட்டியில் வைப்பார்கள். ஹரீரா சூப்பில் கறி இருக்கும்.

பயமில்லாமல் சாப்பிடக்கூடியது: பிஸ்ஸாரா, காய்ந்த மொச்சை மாதிரியான பாக்லா பருப்புக் கூழ், மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும். காலைச் சாப்பாடு அது, மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஸாலூக் என்பது சுட்ட கத்தரிக்காய் மசியல். ம்ஸெமென் என்ற மடிப்பு ரொட்டியைப் பார்த்தால் அம்மாவுக்குப் பரோட்டா நினைவு வரும், பக்ரீர் என்ற ஓட்டை ஓட்டையான மெல்லடை ஆப்பத்துக்குச் சொந்தக்காரி.

அட்லஸ் | 28 ஜனவரி, காலை 7.30

எண்ணெய், குங்குமப்பூ இரண்டையும் முடித்துவிடுகிறேன்.

ஆர்கான் எண்ணெயில் இரண்டு உண்டு. சாப்பிடுவது வறுத்த பருப்பில் ஆட்டியது, அடர் நிறம், வேர்க்கடலை வறுத்த மாதிரி மணம். தோலுக்கும் முடிக்கும் பூசுவது வறுக்காமல் ஆட்டியது, வெளிர் நிறம், மணம் மிக லேசு. பூசும் எண்ணெய் பூ வாசனை அடித்தால் செண்ட் கலந்தது. ஒரு லிட்டருக்கு முப்பது கிலோ பழம் அளவுக்கு வேண்டும், கொட்டையைக் கல்லில் வைத்துக் கையால் உடைக்கிறார்கள். லிட்டர் 100, 150 திர்ஹத்துக்கு யார் கொடுத்தாலும் அதில் வேறு எண்ணெய் இருக்கிறது. கரும் கண்ணாடிப் புட்டி, ஆட்டிய தேதி, உற்பத்தியாளர் முகவரி மூன்றும் இருக்க வேண்டும். சாலையோரம் பெண்கள் உட்கார்ந்து கொட்டை உடைப்பதைக் காட்டினால் மட்டும் அது உண்மையான பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஆகிவிடாது. சாப்பிடும் எண்ணெயை அடுப்பில் காய்ச்சாதீர்கள், மேலே ஊற்றிக்கொள்வதற்குத்தான்.

குங்குமப்பூவுக்கு தாலியூயின் ஊர் பெயர்பெற்றது. குளிர்ந்த தண்ணீரில் இரண்டு இழை போடச் சொல்லுங்கள். நல்லது மெதுவாகத் தங்க மஞ்சளை விடும், பத்து நிமிடம் கழித்தும் இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதும் சிவப்பு இறங்கி இழை வெளுத்தால் சாயம். குசும்பப்பூவைக் கூடையில் குவித்து அதே பெயரில் விற்பார்கள், அது இதழ், இழை அல்ல. தூளாக வாங்கவே வேண்டாம். நாக்கில் வைத்தால் கசக்க வேண்டும், இனித்தால் பாகு தடவி எடை கூட்டியிருக்கிறார்கள்.

தறி | 30 ஜனவரி, மதியம் 12.10

தாஜின் சட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, கேட்காவிட்டாலும். வண்ணம் தீட்டி மினுமினுப்பது பரிமாற மட்டும். அதன் மெருகில் ஈயம் இருக்கலாம், எலுமிச்சை, தக்காளிப் புளிப்பில் இறங்கும். சமைக்க மெருகு இல்லாத மண்சட்டி போதும். நம்மூர் மண்சட்டி பழக்குவது மாதிரி ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு, எண்ணெய் தடவி மிதமான சூட்டில் பழக்கணும். கேஸ் அடுப்பில் கீழே ஒரு இரும்புத் தகடு இல்லாமல் வைத்தால் விரிசல்.

கேட்டவர் | 2 பிப்ரவரி, இரவு 9.00

பெனி ஊரைன் ஒண்ணுன்னு முடிவு பண்ணிட்டோம், 2க்கு 3 மீட்டர். ஆளுக்கு 30 கிலோ சாமான். கடைக்காரரே அனுப்பித் தருவாரா?

தறி | 3 பிப்ரவரி, காலை 11.30

அடர் முடி என்றால் சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ. 6 சதுர மீட்டர், ஆக 18 முதல் 24 கிலோ. ஒருவரின் எடையில் பெரும்பகுதி போய்விடும். 1.5க்கு 2.5 எடுத்தால் 11 முதல் 15க்குள் முடியும். நம்மூர் வெயிலுக்கும் தூசிக்கும் அடர் முடி பொருந்துமா என்று ஒருமுறை யோசியுங்கள். ஹன்பல் இதில் பாதி எடைகூட வராது, உதறித் துவைக்கலாம். நான் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

கையோடு கொண்டுவருவதே நல்லது. கடையிலேயே கயிறு போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, பெட்டி அளவுக்குக் கட்டித் தருவார்கள். கட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் பின்பக்க மூலையில் அழியாத பேனாவால் கையெழுத்திட்டு, அந்த மூலையைப் படம் எடுத்து, அளவையும் எடையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அட்லஸ் | 3 பிப்ரவரி, இரவு 8.20

தறி சொன்னதோடு இது. எண்ணெய்ப் புட்டியைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் பிடுங்கிக்கொள்வார்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பை போட்டு, செருப்புக்கு நடுவில் இல்லாமல் துணிக்கு நடுவில் வையுங்கள், கசிந்தால் தோலில் கறை போகாது. மீதித் திர்ஹத்தைக் காசாபிளாங்கா விமான நிலையத்தில் பாஸ்போர்ட் சோதனைக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள். ட்ரோன் யாராவது கொண்டுவரச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், சுங்கத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.